வெட்கம் வளர்க்கும் நோய்!

2018-ம் ஆண்டு டிசம்பர் மாதம். விருதுநகர் மாவட்டமே அதிர்ந்து போன ஒரு செய்தி வெளியாயிற்று.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி என்று எந்த ஊரில் இரண்டு பேர் சந்தித்தாலும் அதே பேச்சுதான்.

நடந்தது இதுதான்:

சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். அவருக்கு ரத்தசோகை. பிள்ளை பெறுவதற்குள் உடம்பில் ரத்தம் ஏற வேண்டும் என்பதற்காக டாக்டர்கள் செய்த ஏற்பாடு அது. ரத்தம், சிவகாசி அரசு ரத்த வங்கியில் இருந்து வந்தது.

அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது!

ரத்தம் கொடுத்தவர் ஓர் இளைஞர். உறவினர் ஒருவருக்காகக் கொடுத்தார். தனக்கு நோய் இருப்பது அவருக்குத் தெரியாது. 2016-ல் அவர் ஒருமுறை ரத்தம் கொடுத்தபோதே சோதனையில் கிருமி தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் செய்தி அவருடைய காதுக்கு வந்து சேரவில்லை.

வெளிநாட்டு வேலைக்குப் போவதற்காக அவர் மருத்துவச் சோதனை செய்துகொண்டார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. உடனே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

மனம் உடைந்த அந்த இளைஞர், அந்த மாதம் முடிவதற்குள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

நினைத்துப் பாருங்கள். மறைக்காமல் உண்மையைச் சொன்னவர் அவர். அவருக்குத் தேவையான மருந்து மதுரையிலேயே இருந்தது. காசு இல்லாமல் கிடைத்தது. அந்த மருந்தைச் சாப்பிட்டால் பல ஆண்டுகள் வாழலாம். அவர் சாக வேண்டியதே இல்லை.

அந்தத் தாய் என்ன ஆனார்? வயிற்றில் இருந்த குழந்தை தப்பியதா? அதைப் பின்னால் சொல்கிறோம். அதற்கு முன்பு இந்த நோய்களைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

பால்வினை நோய்

எச்.ஐ.வி. கிருமி, சாத்தூரில் நடந்ததுபோல ரத்தத்தின் வழியாகவும் பரவும். ஆனால் பெரும்பாலும் அது பரவுவது உடலுறவின் வழியாகத்தான்.

இப்படி உடலுறவால் தொற்றும் நோய்களுக்குப் பால்வினை நோய்கள் என்று பெயர். நம் பாட்டன்மார் காலத்தில் மேகநோய் என்றார்கள்.

30-க்கும் மேற்பட்ட கிருமிகள் இந்த வகையில் பரவுகின்றன. அவற்றில் 8 முக்கியமானவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால், மருந்தால் குணமாகக்கூடிய பால்வினை நோய்கள் மட்டுமே நாள் ஒன்றுக்கு 10 லட்சத்துக்கு மேல் புதிதாகத் தொற்றுகின்றன.

ஆகவே, இது எங்கோ யாருக்கோ வரும் நோய் அல்ல.

அடுத்தவன் நோய்!

ஆனால் மனிதர்கள் எப்போதும் இதை அடுத்தவன் நோய் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். வேடிக்கையான ஒரு கதையைக் கேளுங்கள்.

1495-ம் ஆண்டு இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் நகரத்தில் பிரெஞ்சுப் படை புகுந்தது. அந்தச் சமயத்தில் ஒரு கொடிய புண் நோய் பரவியது. டாக்டர்கள் இன்று 'சிபிலிஸ்' என்று சொல்லும் நோய் அது.

இத்தாலிக்காரர்கள் அதைப் 'பிரெஞ்சு நோய்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'நேப்பிள்ஸ் நோய்' என்றார்கள். ரஷியர்கள் 'போலந்து நோய்' என்றார்கள்.

நாம் மட்டும் சளைத்தவர்களா? போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய பிறகு இந்த நோய் நம் நாட்டிலும் பரவியது. நாம் அதற்குப் 'பறங்கிப் புண்' என்று பெயர் வைத்தோம்!

ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தப் புத்தி மாறவில்லை. எய்ட்ஸ் நோய் அமெரிக்காவில் தெரிய வந்தது 1981-ல். 'அது வெளிநாட்டுக்காரர்கள் நோய், நமக்கு வராது' என்று இங்கே பலர் நினைத்தார்கள்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியையாக இருந்த டாக்டர் சுனிதி சாலமன் அப்படி நினைக்கவில்லை. அவருடைய மாணவி நிர்மலா, அரசு காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். 6 பேருடைய ரத்தத்தில் கிருமி இருந்தது. ஆண்டு 1986. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான்!

'அந்த மாதிரிப் பெண்களுக்குத்தானே வந்தது?' என்று சிலர் ஆறுதல் அடைந்தார்கள். அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. பிற்காலத்தில் சென்னையில் சிகிச்சைக்கு வந்த பெண்களில் பலர் குடும்பப் பெண்கள். கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள்.

நோய்க்கு நல்லவர், கெட்டவர் தெரியாது. வழி கிடைத்தால் நுழையும். அவ்வளவுதான்.

எப்படிப் பரவுகிறது?

வழிகள் மூன்று.

முதலாவது, நோய் உள்ளவருடன் பாதுகாப்பு இல்லாமல் உடலுறவு கொள்வது. ஒரே ஒரு முறை போதும்.

இரண்டாவது, ரத்தம். ஒருவருக்குப் போட்ட ஊசியைச் சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்குப் போட்டாலும், சோதிக்காத ரத்தத்தை ஏற்றினாலும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையில் 'பி' வகை, சிபிலிஸ் ஆகியவை வரலாம்.

மூன்றாவது, தாயிடம் இருந்து பிள்ளைக்கு. வயிற்றில் இருக்கும்போதும், பிறக்கும்போதும் தொற்றலாம். எச்.ஐ.வி. தாய்ப்பால் வழியாகவும் போகும்.

சேர்ந்து சாப்பிட்டால் எச்.ஐ.வி. வராது. ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்தால் வராது. தொட்டுப் பேசினால் வராது. ஒரே கண்மாயில் குளித்தால் வராது. கொசு கடித்தால் வராது. நோயாளியின் துணியைத் துவைத்தாலும் வராது.

ஆகவே, நோய் உள்ளவரை வீட்டுத் திண்ணையில் தனியாகப் படுக்க வைப்பதும், தனித்தட்டில் சோறு போடுவதும் பாவம் மட்டும் அல்ல. பயனில்லாத வேலையும்கூட.

கண்ணாமூச்சி

இந்த நோய்களில் பல, கண்ணாமூச்சி ஆடுவதில் கெட்டிக்காரத்தனம் உள்ளவை.

சிபிலிஸை எடுத்துக்கொள்ளுங்கள். தொற்றி மூன்று வாரம் அளவில் பிறப்புறுப்பில் ஒரு புண் வருகிறது. வலி இருக்காது. சில வாரங்களில் அது தானாக ஆறிவிடும். மருந்தே வேண்டாம்!

'அப்பாடா, தப்பித்தோம்' என்று ஆள் நிம்மதி அடைகிறார். புண்தான் ஆறியது. நோய் ஆறவில்லை. கிருமி ரத்தத்துக்குள் போய்விட்டது.

சில வாரமோ மாதமோ கழித்து உடம்பில் தடிப்பு வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும். அதுவும் தானாக மறையும். பிறகு பல ஆண்டுகள் ஓர் அறிகுறியும் இல்லை. 10, 20 ஆண்டு கழித்து இதயத்தையோ மூளையையோ நரம்பையோ அது தாக்கலாம். அப்போது அந்தப் பழைய புண் யாருக்கு நினைவிருக்கும்?

வெட்டை நோய் வேறு விதம். ஆண்களுக்குச் சில நாட்களிலேயே சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் வரும். சீழ் வரும். பெண்களில் பலருக்கு எதுவுமே தெரியாது. தெரியாமலே கர்ப்பப்பைக் குழாய் கெட்டு, பிள்ளை இல்லாமல் போவது உண்டு. கோயில் கோயிலாகச் சுற்றும் சில தம்பதிகளின் குறைக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எச்.ஐ.வி. கிருமியோ, வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் உடம்பில் தங்கும். ஆள் பார்ப்பதற்கு நன்றாக இருப்பார். அதனால்தான் முகத்தைப் பார்த்து யாரையும் எடை போட முடியாது. ரத்தச் சோதனை ஒன்றே வழி.

குணமாகுமா?

இதுதான் எல்லோரும் கேட்க நினைத்து, கேட்க வெட்கப்படும் கேள்வி.

பதில்: சில நோய்கள் முற்றிலும் குணமாகும். சிலவற்றை அடக்கி வைக்கலாம். சிலவற்றை வராமலே தடுக்கலாம். கைவிட வேண்டிய நோய் என்று ஒன்று இல்லை.

அந்தக் காலத்தில் சிபிலிஸுக்குப் பாதரசம் கொடுத்தார்கள். பல் விழுந்தது. வாய் வெந்தது. நோயைவிட மருந்து கொடுமையாக இருந்தது. 1910-ல் ஜெர்மனி விஞ்ஞானி பால் எர்லிக்கும், ஜப்பான் நாட்டு ஹாட்டாவும் கண்டுபிடித்த மருந்து விற்பனைக்கு வந்தது. 606 என்ற எண்ணால் அதை அழைத்தார்கள். அது ஓரளவு உதவியது.

உண்மையான விடிவு பெனிசிலினால் வந்தது. அலெக்சாண்டர் பிளெமிங் 1928-ல் கண்ட பூஞ்சைக் காளானில் பிறந்த மருந்து அது. 1943-ல் அமெரிக்க டாக்டர் மஹோனி, சிபிலிஸ் நோயாளிகள் நால்வருக்கு அதைக் கொடுத்தார். நால்வரும் குணம் அடைந்தார்கள்! நம் நாட்டிலும் புனே அருகே பிம்ப்ரியில் அரசாங்கமே ஆலை கட்டி, 1955 முதல் பெனிசிலின் தயாரித்தது.

இன்றும் அதே மருந்துதான். ஆரம்ப நிலையில் சிபிலிஸுக்கு ஒரே ஒரு முறை பெனிசிலின் ஊசி போதும். நாள்பட்டதாக இருந்தால் வாரம் ஒன்றாக மூன்று முறை.

சிபிலிஸ், வெட்டை, கிளமிடியா, டிரைக்கோமோனாஸ் ஆகிய நான்கும் முற்றிலும் குணமாகக்கூடியவை.

எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை 'பி', அக்கி வகையைச் சேர்ந்த ஹெர்பிஸ், எச்.பி.வி. ஆகிய நான்கும் வைரஸ் கிருமிகளால் வருபவை. இவற்றை வேரோடு பிடுங்கும் மருந்து இன்னும் சாதாரணச் சிகிச்சைக்கு வரவில்லை. ஆனால் அடக்க வழி இருக்கிறது.

'பி' காமாலைக்குத் தடுப்பூசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்குப் போட வேண்டும். எச்.பி.வி. கிருமி, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்குவது. அதற்கும் தடுப்பூசி உண்டு. 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குப் போட்டால் நல்லது.

எச்.ஐ.வி.க்குத் தினசரி மாத்திரை இருக்கிறது. ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து என்று அதற்குப் பெயர். 2004 ஏப்ரல் முதல் அரசாங்கம் அதை இலவசமாகக் கொடுக்கிறது. முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியும் ஒன்று. 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்த எல்லோருக்கும் உடனே மருந்து தரப்படுகிறது.

நாள் தவறாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கிவிடும். ரத்தச் சோதனையில் கிருமியின் அளவே தெரியாத நிலை வரும். அந்த நிலையில் இருப்பவரிடம் இருந்து உடலுறவால் நோய் பரவாது என்று மருத்துவ ஆராய்ச்சி கண்டிருக்கிறது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் கிருமி மறுபடியும் தலைதூக்கும்.

குழந்தை பிழைத்தது!

இப்போது சாத்தூர்த் தாயிடம் வருவோம்.

ரத்தத்தில் கிருமி ஏறியது தெரிந்தவுடன் அவருக்குக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனித்தார்கள். 2019 ஜனவரி 17-ந் தேதி அங்கே அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தையின் ரத்தத்தைப் பின்னர் சோதித்தார்கள். கிருமி இல்லை!

தாய்க்கு நேர்ந்த கொடுமைக்கு ஈடு ஏது? அரசாங்கம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று ஐகோர்ட்டு மதுரைக் கிளை 2019-ல் உத்தரவிட்டது. ஆனால் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது பணம் அல்ல. நேரத்தோடு கொடுத்த மருந்து.

மருந்து இல்லாவிட்டால், எச்.ஐ.வி. உள்ள தாய்மார்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை கிருமி தொற்றும். மருந்து சாப்பிட்டால் 5-க்கும் கீழே வந்துவிடும். சிபிலிஸ் உள்ள தாய்க்குச் சிகிச்சை இல்லை என்றால் கரு கலையலாம். பிள்ளை செத்துப் பிறக்கலாம். காலத்தில் போடும் பெனிசிலின் ஊசி தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் காப்பாற்றும்.

அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு முதல் சோதனையிலேயே இந்த இரண்டு நோய்களுக்கும் ரத்தம் பார்க்கிறார்கள். 'எனக்கு எதற்கு அந்தச் சோதனை?' என்று எந்தப் பெண்ணும் கோபப்பட வேண்டாம். அது உங்கள் நடத்தையைச் சோதிக்கும் சோதனை அல்ல. உங்கள் பிள்ளைக்குப் போடும் வேலி.

விடுதி வைத்தியர்

மருந்து இவ்வளவு இருந்தும் நோய் ஏன் ஒழியவில்லை? வெட்கம்தான் காரணம்.

எம்.ரெட்டியபட்டி போன்ற ஊர்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். வானம் பார்த்த பூமி அது. மழை பொய்த்தால் கரிமூட்டம் போடலாம். இல்லாவிட்டால் வெளியூர் போக வேண்டும். மாதக்கணக்கில் வெளியூரில் உழைத்துவிட்டு வருகிறவர் உடம்பில் ஏதோ மாறுதலைக் காண்கிறார். வீட்டில் சொல்ல வெட்கம். உள்ளூர் ஆஸ்பத்திரியில் நின்றால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

கால் எங்கே போகிறது? மருந்துக் கடைக்குப் போகிறது. பேர் தெரியாத நாலு மாத்திரை வாங்கி விழுங்குகிறார். அரைகுறை மருந்து கிருமியைக் கொல்வது இல்லை. அதைப் பழக்கிவிடுகிறது! வெட்டைக் கிருமி இப்படிப் பழகிப் பழகி, முன்பு கேட்ட மருந்துகள் பலவற்றுக்கு இன்று அடங்குவது இல்லை.

இன்னும் சிலர், நகரத்து விடுதிகளில் அறை எடுத்துத் தங்கி 'ரகசிய நோய்களுக்கு உத்தரவாத சிகிச்சை' என்று விளம்பரம் செய்யும் வைத்தியர்களைத் தேடிப் போகிறார்கள். எல்லா நோய்க்கும் ஒரே லேகியம்! பெரிய தொகை! நோய் என்ன என்று ரத்தம் பார்த்தாரா? இல்லை. அடுத்த மாதம் அதே விடுதியில் அவர் இருப்பாரா? அதுவும் தெரியாது.

இரண்டு உடைப்பு

இன்னொரு தவறும் நடக்கிறது. கணவர் மட்டும் ரகசியமாக மருந்து சாப்பிட்டுக் குணம் அடைகிறார். மனைவியிடம் சொல்வது இல்லை. ஆனால் அவரிடம் இருந்து நோய் ஏற்கனவே மனைவிக்குப் போயிருக்கிறது. சில நாளில் அது திரும்பவும் கணவருக்கே வருகிறது.

கண்மாய்க் கரையில் இரண்டு இடத்தில் உடைப்பு. ஒன்றை மட்டும் அடைத்தால் தண்ணீர் நிற்குமா?

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் சோதித்து, ஒரே நேரத்தில் சிகிச்சை பெற வேண்டும். சிகிச்சை முடியும் வரை உறவைத் தவிர்க்க வேண்டும். யார் மேல் குற்றம் என்ற பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் உடைப்பை அடைக்க வேண்டும்.

எங்கே போவது?

அரசு ஆஸ்பத்திரிகளில் 'நம்பிக்கை மையம்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே எச்.ஐ.வி. சோதனை இலவசம். பால்வினை நோய்களுக்குச் 'சுகவாழ்வு மையம்' என்ற பெயரில் சிகிச்சை தருகிறார்கள். உள்ளூரில் போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்து ஊருக்குப் போங்கள். பஸ் கட்டணம்தான் செலவு. வாய் திறந்து கேட்கவே தயக்கமா? 1097 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் கிடையாது.

ரகசியம் வெளியே போய்விடுமோ என்ற அச்சம் வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பாதுகாக்க 2017-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. அவர் நோயை ஊருக்குச் சொல்லக் கூடாது. வேலையில் இருந்தோ பள்ளிக்கூடத்தில் இருந்தோ விலக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கிருமி தொற்றிய மறுநாளே சோதனையில் தெரியாது. சில வாரங்கள் ஆகும். சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் ரத்ததானம் செய்யக் கூடாது.

வராமல் தடுப்பதற்கு வழி எளிது. கணவன் மனைவி ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பது முதல் வழி. அதில் ஐயம் இருந்தால் ஆணுறை காக்கும். திருமணத்துக்கு ஜாதகம் பார்க்கும் பெற்றோர், இரு வீட்டுச் சம்மதத்தோடு ரத்தமும் பார்க்கச் சொன்னால் குறைந்து போக மாட்டார்கள்.

வளர்ந்த பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். மகனிடம் தகப்பனாரும், மகளிடம் தாயாரும் பேசலாம். வீட்டில் கிடைக்காத பதிலை அவர்கள் தெருவில் தேடுவார்கள். தெருவில் கிடைக்கும் பதில் பாதி பொய்யாக இருக்கும்.

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இந்த நோய் இருப்பது தெரிய வந்தால், முகத்தைத் திருப்பாதீர்கள். 'வா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம். நானும் வருகிறேன்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

நோய்க்கு மருந்து இருக்கிறது. வெட்கத்துக்கு மருந்து, நாம் வாய் திறந்து பேசுவதுதான்!